ஏணிக்கு மேலே, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில்

வே,

முதலில் ஒரு திருட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீர் மண்ணுக்குப் போன நாற்பதாம் நாள் ஓதுகிற பாத்திஹாவுக்கு வந்து, நெய்ச்சோற்றை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவுகிற சாக்கில் உம் அறைக்குள் நுழைந்தேன். அலமாரியின் கீழ்த்தட்டில் அந்தக் கறுப்பு டெலிபோன் இருந்தது. எடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். வயது ஐம்பத்தொன்று, சர்க்கரை உண்டு, பூனாவில் வேலை பார்க்கிற மகன் ஒருவன் உண்டு, தொப்பையும் உண்டு. இருக்கிற தொப்பையோடு ஒரு டெலிபோனும் சேர்ந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற நம்பிக்கையில்தான் செய்தேன்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது உம் மகள் பின்னால் வந்து மெதுவாகச் சொன்னாள்: "மாமா, ஒயர் தொங்குது."

ரிசீவரின் சுருள் ஒயர் சட்டைக்குக் கீழே வால்போல ஆடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, உம் மனைவி, புருஷனுக்குப் பிறகு ஒதுங்கி இருக்கிற இத்தாவில் இருப்பதால் உள்ளறையை விட்டு வரவில்லை. மகள் பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்துப் பிடித்தாள்; போட்டேன். மறுபடி உள்ளே போய்ச் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள்.

"அடாப்டர் இல்லாம கொண்டுபோய் என்ன செய்வீங்க மாமா?"

உம் பெண் உம்மைப்போலவேதான்.

இப்போது அது என் மேஜைமேல் இருக்கிறது. எதிலும் இணைக்கவில்லை. ரிசீவரைக் காதில் வைத்தால் பேசுகிற பக்கத்திலிருந்து இரண்டு வாசனை வருகிறது. அடியில் என் பட்டறையில் தோல் ஒட்டுகிற சொல்யூஷன். அதன்மேல் உம்முடைய அத்தர். அதை மோந்துகொண்டுதான் எழுதுகிறேன். கனி பார்த்தால், கட்டின புருஷன் என்றும் பாராமல் டாக்டரிடம் கூட்டிப்போவாள்.

நமக்குள் இந்த 'நீர்' எப்படி வந்தது, 'வே' எப்படி வந்தது என்று இப்போதைய பிள்ளைகள் கேட்கிறார்கள். தாராவி முனிசிபல் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு படிக்கும்போது, தோல் கிடங்கில் உட்கார்ந்து பேசுகிற திருநெல்வேலிக்காரர்களைப் பழித்துக் காட்ட ஆரம்பித்தோம். நீர் ஒரு கிடங்கு முதலாளி, நான் ஒரு கிடங்கு முதலாளி. பழிப்பு பழக்கமாகிவிட்டது. பிறகு பார்த்தால் எனக்கே பட்டறை, எனக்கே தொப்பை, பழிக்கப்பட வேண்டிய ஆளே நான்தான். நீர் மட்டும் ஒல்லியாகவே இருந்தீர். மாடிக்கு மாடி நீல ஒயர் இழுக்கிற வேலையில் தொடங்கி, செம்பூரிலும் விக்ரோலியிலும் ஆபீசுகளுக்கு நெட் வழியாகப் பேசுகிற டெலிபோன் போட்டுக் கொடுக்கிற ஆளாக உயர்ந்தீர். ஏணி ஏறுகிறவனுக்குச் சதை நிற்காது என்பீர்.

எனக்கும் ஏணி உண்டுதான். கீழே தோல் பைக் கடை. ஏணிக்கு மேலே எட்டுத் தையல் மிஷின். மீதி நேரத்தில் மாத இதழ் ஒன்றில் நகைச்சுவை எழுதுகிறேன். நகைச்சுவை என்று ஆசிரியர் தலைப்புக்கு மேலே போட்டுவிடுவார், அதனால் வாசகர்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்த நகைச்சுவையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நாலு வருடத்துக்கு முன்னால் கனி ஸ்கூட்டர் பழகினாள். நாற்பத்து நான்கு வயதில். யாருக்கும் சொல்லாமல், காலையில் செம்பூரில் ஒரு மைதானத்துக்குப் போய்ப் பழகிக்கொண்டிருந்தாள். வீட்டில் எனக்கு மட்டும் தெரியும். ஒரு நாள் இளநீர் வண்டியில் மோதிவிட்டு வந்து, முழங்கையில் மருந்து தடவிக்கொண்டே சிரித்தாள். நான் அதை எழுதிவிட்டேன். ஒரு தடவை மோதியதை மூன்று தடவையாக்கினேன். மூன்றாம் தடவை அவள் ஸ்கூட்டர் வருவதைப் பார்த்ததும் இளநீர்க்காரர் காய்களைத் தாமே கீழே போட்டு உடைத்துவிட்டு ஓடினார் என்று முடித்தேன். மூன்று என்றால்தான் சிரிப்பு வரும், வே. அது தொழில்.

சிரிப்பு வந்தது. கல்லி என்கிற எங்கள் சந்து முழுக்க வந்தது. பால் கடையில் "அக்கா, எளநி வேணுமா" என்று கேட்டார்கள். தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தவர்கள் இந்தியில் சொன்னார்கள். கனி அதன்பிறகு ஸ்கூட்டர் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் சான்பாடாவில் இருக்கிற அவள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கோபித்துக்கொண்டு போகிற பெண்கள் நகைப்பெட்டியை எடுத்துப் போவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் இரண்டு சேலையோடு டெலிபோனை எடுத்துப் போனாள்.

அது உம் உபயம். எங்கள் பைகளுக்கு ஆபீசுகளிலிருந்து ஆர்டர் வரும். அவர்களோடு இந்தியிலும் இங்கிலீஷிலும் பேசுகிறவள் அவள். நான் பேசினால் ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடும். அதனால் நீர் கடையில் அவளுக்கு ஒரு போன், மேலே எனக்கு ஒரு போன் என்று இரண்டை வைத்தீர். எனக்கு நம்பர் ஒன்று, அவளுக்கு இரண்டு. ஒரு எண்ணை அழுத்தினால் மற்றவருக்கு மணி அடிக்கும். வைத்த அன்றைக்கு நீர் சொன்னதை அவள் மனதில் எழுதி வைத்திருக்கிறாள்: "இது சுவத்துல இல்ல தங்கச்சி, நெட்டுல இருக்கு. துபாயில கொண்டுபோய்ச் சொருகினாலும் ரெண்டு ரெண்டுதான்." துபாய் வரை போகவில்லை. சான்பாடாவில் சொருகினாள். அடுத்த நாள் காலையில் ஆர்டர்கள் அவளுக்குத் தடங்கலில்லாமல் வந்தன. குடும்பம் உடைந்தாலும் வியாபாரத்துக்குத் தெரியாத அந்த ஏற்பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது.

வந்த ஆர்டரைப் பட்டறைக்குச் சொல்ல வேண்டுமே. பதினொரு மணிக்கு என் போன் அடித்தது. சின்னத் திரையில் இரண்டு என்று காட்டியது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு எடுத்தேன்.

"ஹலோ. கனியா?"

பதில் இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. கிணற்றுக்குள் காதை வைத்ததுபோல இருந்தது. வைத்துவிட்டாள். மறுபடி அடித்தது. மறுபடி அதே கிணறு. வெளி ஆட்கள் யாராவது கூப்பிட்டால் அதே போனில் கணீரென்று கேட்கிறது. கனி கூப்பிட்டால் மட்டும் ஒன்றும் இல்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது? போன் நன்றாக இருக்கிறது, கனிதான் பேசவில்லை. இப்படித் தெளிவாக யோசிக்கத் தெரிந்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். மணி அடித்து வரவழைத்துவிட்டு மௌனமாக நிற்பது நல்ல உத்திதான், நானே எழுதியிருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

இரண்டு நாளில் பதினோரு தடவை. பதினோராவது தடவை, "பேச வாய் இல்லன்னா எதுக்கு போன் பண்றே" என்று கத்திவிட்டு ரிசீவரை அறைந்து வைத்தேன்.

அந்தப் பக்கத்தில் நடந்ததை அவள் பிறகு சொன்னாள். பதினோரு தடவையும் அவள் பேசியிருக்கிறாள். "சொல்லுங்க", "கேக்குது, சொல்லுங்க", "ஏன் இப்படிச் செய்யறீங்க". நான் பேசியது ஒவ்வொரு எழுத்தும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. அவள் பேசப் பேச நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தால் என்ன நினைப்பாள்? இந்த மனுஷன் கேட்காததுபோல நடிக்கிறான், அடுத்த மாத இதழுக்கு விஷயம் சேர்க்கிறான் என்று நினைத்திருக்கிறாள். என்னைப்போன்ற ஆளைக் கட்டிக்கொண்ட எந்தப் பெண்ணும் அப்படித்தான் நினைப்பாள். செல்போனில் என் நம்பரைத் தடுத்துவிட்டாள். அவள் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது: ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா சங்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேரோடு வருகிறேன், தங்கச்சி இனிமேல் எங்கே இருப்பது என்று உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம்.

செவ்வாய்க்கிழமை நீர் டீ குடிக்க மேலே வந்தீர். நான் நடந்ததையெல்லாம் கொஞ்சம் எனக்குச் சாதகமாகச் சொன்னேன். நீர் கிளாசைக் கீழே வைத்தீர்.

"தங்கச்சி பேசலன்னு எப்படி வே சொல்லுதீரு?"

"எனக்குக் கேக்கலியே."

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லும். பேசலன்னு சொல்லாதீரும். ரெண்டும் வேற கேஸு."

அன்றைக்கு எனக்கு அது வக்கீல் பேச்சாகத்தான் பட்டது. நீர் பையைத் திறந்தீர். உம்மிடம் இன்னொரு போன் இருந்தது. அதைக் கீழே கடையில் வைத்து மேலே கூப்பிட்டீர். இரண்டு பக்கமும் கேட்டது. "வீட்டுக்குள்ள பராபர், சரியா இருக்கு." என் போனைக் கழற்றி உம்முடையதை வைத்து, சான்பாடாவுக்குப் போட்டீர். கிணறு. "செட்டு மேல தப்பு இல்ல." கேபிள் நெட்டைப் பிடுங்கிவிட்டு, உம் செல்போனின் நெட்டை என் போனுக்குக் கொடுத்துக் கூப்பிட்டீர். ரிசீவரை உம் காதில் வைத்திருந்தீர். ஒரு விநாடி உம் முகம் மாறியது. சட்டென்று வைத்துவிட்டீர்.

"என்ன வே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்ன சொன்னா?"

"உமக்குச் சொன்னதை நான் எதுக்கு வே சொல்லணும். நாளைக்குச் சான்பாடா போறேன்."

உம் செல்போனை அப்படியே பிடுங்கி நான் பேசியிருக்கலாம். உம் முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை.

புதன்கிழமை போவதற்கு முன் ஒரு அட்டையில் எழுதி மிஷினுக்கு மேலே மாட்டிவிட்டுப் போனீர். மிஷின்கள் சாப்பாட்டுக்கு நிற்கிற இரண்டு மணிக்கு நான் நம்பர் இரண்டுக்குப் போட வேண்டும். எடுத்ததும் பேச ஆரம்பிக்க வேண்டும். நீர் வைக்கிற வரை நிறுத்தக் கூடாது. கடைசி வரி: உமக்கு ஒன்றும் கேட்காது.

எனக்கு ஒன்றும் கேட்காது என்றால் எவருக்கும் ஒன்றும் கேட்காது என்று நானாகப் பொருள் எடுத்துக்கொண்டேன். பதினோரு ஹலோவுக்குப் பிறகும் இது எனக்கு உறைக்கவில்லை. செத்த லைனில் எதையோ சோதிக்கிறார், குரல் என்று ஒன்று ஓடினால் போதும் என்றுதான் இருந்தேன்.

ஒன்று முதல் நூறு வரை சொன்னேன். ஏழாம் வாய்ப்பாடு சொன்னேன். அது தீர்ந்ததும் ரயில் நிலையங்கள். குர்லா, திலக் நகர், செம்பூர், கோவண்டி, மான்குர்த், வாஷி, சான்பாடா. சான்பாடா வந்ததும் வாய் நின்றுவிட்டது. அட்டையைப் பார்த்தேன். நிறுத்தக் கூடாது. யாருக்கும் கேட்காத போனில், "நீ இல்லாம மூணு நாளா குக்கர் வைக்கலை கனி, கேன்டீன் வடா பாவ்தான்" என்றேன்.

அதன்பிறகு வாய் தானாக ஓடியது. வியாழக்கிழமை முழுக்க அவள் அண்ணனைப் பற்றி. அவர் கூட்டங்களுக்குப் போட்டு வருகிற கோட்டு யாருடையது, அவர் மீசைக்கு எதைப் பூசுகிறார், சங்கத் தேர்தலில் அவருக்கு அவரே ஓட்டுப் போட மறந்த கதை, எல்லாம். அவர் வீட்டு வரவேற்பறைக்கே அதையெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலை நீர் திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினீர். கோடு கோடாக எண்கள் ஓடின. உம்முடைய முப்பது வருட வேலையில் நீர் எனக்கு விளக்கிச் சொன்னது அந்த ஒரு நாள்தான். நானும் குறுக்கே பேசாமல் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

"இங்க பாரும். ஒரு ஆளு பேசினா இது அந்தக் குரலை செகண்டுக்கு அம்பது துண்டாப் போடும். ஒவ்வொரு துண்டு மேலயும் விலாசம் எழுதி அனுப்பும். அந்தப் பக்கம் அடுக்கிச் சேர்த்து வாசிக்கும். நீர் பேசுறது ஒரு பாதை, தங்கச்சி பேசுறது வேற பாதை. ஒண்ணு அடைச்சா இன்னொண்ணுக்குத் தெரியாது."

"சரி."

"மணி அடிச்சதும் உம்ம போன் அவ போனுக்குத் தன் விலாசத்தைச் சொல்லுது. என்ன விலாசம் சொல்லுது தெரியுமா? ஏணிக்கு மேல, தண்ணி டிரம்முக்குப் பக்கத்துல."

சிரித்துவிட்டேன். நீர் சிரிக்கவில்லை.

"மெய்யாத்தான் வே. இந்தக் கேபிள் நெட்டு டப்பா உம்ம வீட்டுக்குள்ள குடுத்த நம்பர் அது. வீட்டுக்குள்ள அது போதும். கடையில இருந்து கூப்பிட்டா ஏணி ஏறி வந்துரும். சான்பாடாவுல இருந்து வர்றவனுக்கு டிரம்மு எங்க இருக்குன்னு தெரியுமா? தாராவியில எத்தனை டிரம்மு இருக்கு? வெளியாளுங்க கூப்பிட்டா போன் கம்பெனி மிஷின் நடுவுல நின்னு வாங்கிக் குடுக்குது, அதான் கேக்குது. நீங்க ரெண்டு பேரும் ஒரே கடைன்னு நெனச்சு அது ஒதுங்கி நிக்குது. நேராப் பேசிக்கோங்கன்னு விட்டுட்டுது."

பிறகு விரலை ஒரு வரிசையின்மேல் வைத்தீர்.

"இது தங்கச்சி போன்ல இருந்து கிளம்புனது. எண்ணிப் பார்த்துட்டேன், ஒண்ணு குறையல. அவ பேசாம இல்ல வே. பேசுனதெல்லாம் புறப்பட்டிருக்கு. வந்து சேரல, அவ்வளவுதான்."

நான் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழே யாரோ தோலை அடித்துச் சமன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு விநாடிக்கு ஐம்பது துண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் தண்ணீர் டிரம்மின் விலாசம். வாஷி பாலத்தைத் தாண்டி, கடலுக்குக் கீழே போய், எந்தெந்த மெஷினுக்குள்ளோ நுழைந்து, என் வீட்டு ஏணியைத் தேடி, கிடைக்காமல், ஒருவருக்கும் புகார் சொல்லாமல் அழிந்துபோன துண்டுகள். கடலுக்குக் கீழேயெல்லாம் போகாது வே என்று நீர் திருத்தினீர். போகட்டும். எனக்கு அன்றைக்கு அது கடலுக்குக் கீழேயும் போய்த் தேடியது. கோவிலில்கூட நான் அப்படி வாயடைத்து நின்றதில்லை.

"அப்ப இதைச் சரிபண்ணிரலாமா?"

"முதல்ல யார் மேல தப்புன்னு நிரூபிக்கணும். நிரூபிக்காம ஒருத்தரையும் குத்தம் சொல்லக்கூடாது. டப்பாவையும்தான்."

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நேராகச் சான்பாடா போனீர். இரண்டரைக்குப் போட்டேன். அன்று பேசியது வேறு. இந்த மடலைப் படிக்கிற எவருக்கும் முன்னால் அதைச் சொல்ல எனக்குக் கூச்சம்; ஆனால் கேட்டவர் நீர், உமக்குத் தெரிந்ததுதானே.

எனக்கு ஸ்கூட்டர் ஓட்ட வராது, வே. கடைக்காரன், பட்டறைக்காரன், டெம்போவில் முன்சீட்டில் உட்கார்ந்து போகிறவன் என்பதால் ஒருவரும் கவனித்ததில்லை. முப்பது வயதில் அதே செம்பூர் மைதானத்துக்கு யாருக்கும் தெரியாமல் போனேன். இரண்டாவது நாள் விழுந்தேன். எழுந்து, வண்டியை வாடகைக்குக் கொடுத்தவனிடம் விட்டுவிட்டு வந்தவன் திரும்பிப் போகவில்லை. கனி விழுந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். மறுநாள் காலையும் போனாள். அது எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் எழுதினேன். இளநீர்க்காரரை மூன்றாக்கியது சிரிப்புக்காக மட்டும் இல்லை. இதையெல்லாம் அந்தச் செத்த ரிசீவரிடம் சொன்னேன். சொல்லி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிஷின்காரர்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மறுபடி ஏழாம் வாய்ப்பாட்டுக்குப் போய்விட்டேன்.

அன்று மாலை கேபிள்காரனைக் கையோடு கூட்டி வந்தீர். அவன் என் டப்பாவைத் தொடாமலே, "மேரா லைன் ஏக்தம் ஓகே ஹை, பாய்" என்றான். அவன் லைன் நன்றாக இருக்கிறது என்று நீரும் ஒப்புக்கொண்டீர். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தீர். மொத்தக் கல்லிக்கும் சேர்த்து வெளியே ஒரே ஒரு விலாசம்தான் அவன் வைத்திருக்கிறான் என்பதை, அவன் வாயாலேயே, அவனைப் பாராட்டுவதுபோலவே வரவழைத்தீர். இரண்டாம் டீயில் டப்பாவின் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டான். போன்களுக்கு உதவி செய்கிறேன் என்று டப்பா நடுவில் புகுந்து எதையோ திருத்திக்கொண்டிருந்தது. அந்த உதவியை நிறுத்தினீர். போன் கம்பெனிக்கு உம் சோதனைகளையெல்லாம் வரிசையாக எழுதி அனுப்பினீர்.

சனிக்கிழமை மத்தியானம் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. நீர் என் பக்கத்தில், ஏணிக்கு மேலே உட்கார்ந்திருந்தீர்.

"உம்ம கல்லிக்குள்ள வெளியாளு வர முடியாது. ஆனா நீர் வெளிய போகலாம்ல? அவளும் வெளிய வரட்டும். நடுவுல கம்பெனி மிஷின் நிக்கும். ரெண்டு பேரும் அதுக்கிட்டக் குடுத்து வாங்கிக்கோங்க. முப்பது செகண்டுக்கு ஒருக்கா உம்ம போன் அங்க போய்க் கதவைத் தட்டிட்டு வரும். தட்டாட்டி சாத்திருவான்."

நம்பர் இரண்டை அழுத்தினீர். ரிசீவரை என் காதில் வைத்தீர். வைக்கும்போது சொன்னீர்: "இது கேக்குற டெஸ்ட். நீர் வாயைத் திறந்தா என் கணக்கு தப்பிரும்."

கிணறு இல்லை. முதலில் ஒரு மின்விசிறி, சுற்றுக்கு ஒரு தட்டு வைக்கிற பழைய விசிறி. தூரத்தில் குக்கர் ஒரு விசில் விட்டது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவ்வளவையும் ஐம்பது ஐம்பதாக நறுக்கி, எங்கேயோ ஒரு மிஷின் வாங்கி, என் காதுக்குள் ஒட்டு தெரியாமல் வைத்தது. இருபத்தைந்து வருடம் அவள் சமைக்கிற குக்கருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதியவன் நான். விசில் சத்தத்தை அதற்குமுன் ஒருநாளும் கேட்டதில்லை.

"சொல்லுங்க" என்றாள்.

நான் சொல்லவில்லை. உம் கணக்கு தப்பக் கூடாதே.

"கேக்குதா?"

"ம்."

நாற்பது நிமிடம் பேசினாள். எல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன். ஒன்று மட்டும்: "அந்த எளநிக்காரர்தான் என்னைத் தூக்கி விட்டாரு. கை நடுங்குதுன்னு ஒரு காயை வெட்டிக் குடுத்து, காசு வேணாம்னுட்டாரு. நீங்க அவரையும் கோமாளி ஆக்கிட்டீங்க." இன்னொன்று: "அவ்வளவு சந்தோஷமா ஒருத்தருக்குச் சொன்னேன். அந்த ஒருத்தர் ஊருக்கே சொல்லிட்டாரு." ஒவ்வொரு இடத்திலும் எனக்கு ஒரு நல்ல பதில் வந்தது, வே. சிரிக்க வைக்கிற பதில்கள். எல்லாவற்றையும் விழுங்கினேன். நீர் லேப்டாப் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் உயர்த்தி, பேசாதீரும், பேசாதீரும் என்று காட்டிக்கொண்டே இருந்தீர். கடைசியில் அவள், "லைன்ல இருக்கீங்களா?" என்றாள். இருக்கேன் என்றேன். "ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன். எழுதறதா இருந்தா முதல்ல எனக்கு வாசிச்சுக் காட்டணும்" என்றாள்.

வந்தாள். டெலிபோனைப் பையிலிருந்து எடுத்துக் கடையில் பழைய இடத்தில் சொருகினாள். பதினொரு மணிக்கு அவள் அண்ணனும் இரண்டு பெரியவர்களும் முறையாக வந்து சேர்ந்தார்கள். கனி அவர்களுக்கு டீ கொடுத்தாள். பேச வந்த விஷயம் முடிந்துபோயிருந்ததால் வேறு என்ன செய்வது என்று தெரியாமல் பெரியவர்கள் ஆளுக்கு ஒரு பர்ஸ் வாங்கிக்கொண்டு போனார்கள். நீர் என் பழைய போனில் ஒரு பட்டன் ஒட்டிக்கொள்கிறது என்று சொல்லி வேறு ஒன்றை வைத்துவிட்டு, இந்தக் கறுப்புப் போனை எடுத்துப் போனீர்.

அதற்குப் பிறகு பல நாள் கழித்துத்தான் எனக்கு அந்த மூன்று மத்தியானங்களைப் பற்றிச் சந்தேகம் வந்தது. அவள் பக்கம் எல்லாமே கேட்டிருந்தது என்றால், நான் பேசியதும் கேட்டிருக்குமே? ஒன்றும் தெரியாதவன்போலக் கனியிடம் கேட்டேன்.

"எனக்கு எங்க கேட்டுச்சு, நான் அடுப்படியில இருந்தேன். அண்ணன் ஆபீஸ் போயிருந்தாரு. பாய் அண்ணன்தான் காதுல ஹெட்போன் மாட்டிட்டு உக்காந்திருந்தாரு."

அப்போதுதான் புரிந்தது. கேட்டவர் நீர். மைத்துனரின் மீசையை அவர் வீட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறீர். செம்பூர் மைதானத்தைக் கேட்டிருக்கிறீர். வாய்ப்பாட்டுக்கு நடுவே நான் மூக்கை உறிஞ்சியதையும்கூட. வியாழக்கிழமை காலையில் உம் வீட்டிலிருந்து இடியாப்பமும் கறியும் டிபனில் வந்தது ஏன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. நான் வடா பாவ் தின்கிறேன் என்று புதன்கிழமை சொன்ன செய்தி உமக்குப் போயிருந்தது.

நாலு வருடம், வே. தினமும் பார்த்தோம். ஸ்கூட்டர்கள் நம்மை இடித்துக்கொண்டு போகிற சந்தில் நின்று டீ குடித்தோம். ஒருநாளும் உம் உதட்டோரம்கூட அசையவில்லை. இப்படி ஒரு விஷயம் என் கையில் கிடைத்திருந்தால் மூன்று இதழுக்கு இழுத்திருப்பேன். எனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் மாலை போட்டிருக்கிறார்கள், மேடையில் நாற்காலி போட்டிருக்கிறார்கள். கேட்டதைக் கேட்ட இடத்திலேயே வைத்துக்கொண்ட ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர் தோளில் ஒயர்ச்சுருள் மாட்டியிருந்தார்.

நானாக வாய் திறந்து கேட்டுவிடலாமா என்று எத்தனையோ தடவை நினைத்தேன். மழை முடியட்டும், நோன்பு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். இந்த மழையில் விக்ரோலியில் ஒரு ஆபீஸ் மாடியில் வேலை நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர் என்று செய்தி வந்தது. பட்டறையில் எட்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினேன்.

உம்மிடமிருந்து நான் வைத்திருப்பது இந்தத் திருட்டு டெலிபோன் மட்டுமில்லை. மகன் பூனாவிலிருந்து இரண்டு நாள் பேசாவிட்டால், "அவன் பேசலை" என்று ஆரம்பிக்கிற வாயை மூடி, "எனக்கு வந்து சேரலை" என்று மாற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். பாதிக் கோபம் அங்கேயே போய்விடுகிறது. மீதிப் பாதிக்கு யாரை எப்படிச் சோதிப்பது என்று உம்மைக் கேட்க முடியவில்லை. முப்பது விநாடிக்கு ஒரு தடவை இல்லாவிட்டாலும், ஒரு நாளைக்கு ஒரு தடவை அவன் கதவைத் தட்டிவிட்டு வருகிறேன். எழுதுவதை முதலில் கனிக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவள் இந்தி மீடியம். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் நான் வாசிக்க, அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். வேண்டாம் என்றால் கத்தியைத் தூக்கிக் காட்டுவாள். அந்த வரியை அடித்துவிடுவேன்.

இந்த மடலையும் இன்று மத்தியானம் இதுவரை வாசித்துக் காட்டினேன். நான் ஸ்கூட்டர் பழகப் போய் விழுந்த விஷயத்தை அவள் இன்றுதான் கேட்கிறாள். கத்தியைத் தூக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. கொத்தவரங்காயை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு ஒரு இடத்தைத் திருத்தச் சொன்னாள். அடிக்க வேண்டாம், திருத்தினால் போதும் என்றாள்.

"பாய் அண்ணன் ஹெட்போன் மாட்டியிருந்தாருன்னுதான் சொன்னேன். கேட்டாருன்னு எப்ப சொன்னேன்? கீழ தண்ணி மோட்டார் ஓடிச்சு, அந்த இரைச்சலுக்குக் காதை அடைச்சுக்கிட்டாரு. அதோட ஒயரை லேப்டாப்ல சொருகவே இல்ல. இடியாப்பம், நான் வீட்டுல இல்லன்னு தெரிஞ்சு வந்திருக்கும். லைன்ல என்ன பேசறாருன்னு கேக்கலாமே அண்ணேன்னு நான்கூடச் சொன்னேன். சத்தம் எதுக்கு தங்கச்சி, கோடு ஓடுதான்னு பார்த்தாப் போதும்னுட்டாரு."